பாட்டர்சனுக்குத் திருப்பித் தர வேண்டியவை

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

லக்ஷ்மி எழுதுகிறேன். இங்கே நான், அவர், அனன்யா மூவரும் சுகம். உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்குச் சளி விட்டதா? லீவுக்கு வந்த க்ரிஷும் மீராவும் காலேஜுக்குத் திரும்பியிருப்பார்கள். வீடு வெறிச்சென்று இருக்கும்.

என்னடா இவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்ப்பீர்கள். போனில் கேட்டால் நீங்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். வாட்ஸப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

2005இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்தேன் இல்லையா, அப்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தேன். மேலே கறுப்பு மார்க்கரில் ‘லக்ஷ்மி – தீசிஸ்’ என்று எழுதியிருக்கும். கல்யாணமாகிப் புறப்பட்டபோது அதை உங்கள் கராஜிலேயே விட்டுவிட்டேன். இத்தாலிக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் இடையிலான ராஜதந்திர உறவு பற்றி நான் சேர்த்த குறிப்புகள் எல்லாம் அதில்தான். ‘உடுமலைப்பேட்டைக்காரிக்கு இதுல என்ன கண்ணு வேலை?’ என்று நீங்கள் அப்போது சிரித்தீர்கள்.

அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். முழுப் பெட்டியையும் அனுப்புவது சிரமமென்றால், உள்ளே நீல நிறத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதை மட்டும் முதலில் அனுப்புங்கள். பழைய வேலையைக் கொஞ்சம் தூசி தட்டலாம் என்று எண்ணம். வேறொன்றுமில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
லக்ஷ்மி


பிளசன்டன், கலிஃபோர்னியா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தமிழில் கையால் எழுதி முப்பது வருஷம் இருக்கும். ‘ண’ போடும்போது எத்தனை சுழி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் நலம். முழங்கால் அப்படியேதான். ஒரு விஷயம், வருத்தப்படாதே. போன மாதம் என் டீம் முழுவதையும் ஆபீஸில் லே ஆஃப் பண்ணிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே இடம். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரீத்தி வேலைக்குப் போகிறாள். சமாளித்துவிடலாம்.

நீ கேட்ட பெட்டி. கராஜைப் பாதியாகத் தடுத்து பிரீத்தியின் அப்பா அம்மாவுக்கு அறை கட்டினோமே, அப்போது சாமான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. கொஞ்சம் மேலே அட்டிக்கில், கொஞ்சம் பின்னால் ஷெட்டில். இங்கே இரண்டு வாரமாக மழை. பார்த்துச் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. அனன்யா நன்றாகப் படிக்கட்டும்.

அன்புடன் அண்ணன்
திருமூர்த்தி


பிரிட்ஜ்வாட்டர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலை போனதை எழுதியிருந்தீர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் காபியோடு நிறுத்தாதீர்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம், பனிதான் விடவில்லை.

கொஞ்சம் அவசரம்தான் அண்ணா.

அந்த டப்பாவில் இருப்பது பதினொரு கடிதங்கள். பாட்டர்சனில் அல்டாகிராசியா என்று ஓர் அம்மா. டொமினிக்கன்காரர். அவருடைய அப்பா எமிலியோ பரோடி ஜெனோவா பக்கத்து இத்தாலியர். அவர்கள் தலைநகரில் இருந்த இத்தாலியத் தூதரகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஜெனோவாக்காரக் கப்பல் வணிகர்கள் நூறு வருஷமாகப் போய்வந்த ஊர் அது. அந்த நாட்டுக்குக் கடற்படை அமைக்கவே ஒரு ஜெனோவாக்காரர்தான் கைகொடுத்தார். அவ்வளவு நெருக்கமாக இருந்த உறவு 1941 டிசம்பரில் ஒரே நாளில் முறிந்தது. டொமினிக்கன் அரசு இத்தாலி மேல் போர் அறிவித்தது. தூதர்கள் ஊருக்குப் போனார்கள். உள்ளூரில் கல்யாணம் செய்துகொண்ட குமாஸ்தா போகவில்லை. அவரைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பி, டெக்சாஸில் ஒரு முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து மனைவிக்கு எழுதியவைதான் அந்தப் பதினொன்றும். மறுவருஷம் முகாமிலேயே நிமோனியாவில் இறந்துபோனார்.

போர் முடிந்து இரண்டு நாடுகளும் மறுபடி கைகுலுக்கிக்கொண்டன. புதுத் தூதர் வந்தபோது அல்டாகிராசியாவின் அம்மா இந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றாராம். அப்படி ஓர் ஆள் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தங்களில் இல்லாத இந்த மனிதரை வைத்து என் தீசிஸை முடிக்க நினைத்திருந்தேன்.

மழை விட்டதும் அட்டிக்கைப் பாருங்கள். தயவுசெய்து.

உங்கள்
லக்ஷ்மி


பிளசன்டன்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. நீங்கள் எல்லோரும் சுகம்தானே? அனன்யாவுக்கு லேர்னர் பெர்மிட் கிடைத்ததாக பிரீத்தி சொன்னாள். ஃப்ரீவேயில் இப்போதைக்கு விடாதே.

உன்னிடம் சில விவரம் கேட்க வேண்டும். எமிலியோ பரோடி பிறந்த வருஷம் என்ன? பெயரைச் சரியாக எப்படி எழுதுவார்கள்? டெக்சாஸில் எந்த முகாம்? கைதி எண் ஏதாவது கடிதத்தின் மேல் இருந்ததா? உன் நினைவில் இருப்பதை எழுது.

சும்மாதான் கேட்கிறேன். வேலை இல்லாத ஆள் என்ன செய்வான். பக்கத்து ஊர் டப்ளினில் லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்து இதைப் பற்றிப் படிக்கிறேன். லைப்ரரியன் பெண் வேறு ஊர்களில் இருந்தெல்லாம் புத்தகம் வரவழைத்துக் கொடுக்கிறாள். இரண்டு வருஷம் என் வீட்டில் ஒரு கையில் பால் பாட்டிலும் ஒரு கையில் புத்தகமுமாக உட்கார்ந்திருப்பாய். என்ன புத்தகம் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது படிக்கும்போது அது ஞாபகம் வருகிறது.

பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
திருமூர்த்தி


பிரிட்ஜ்வாட்டர்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டவை: பிறந்தது 1904. பெயரைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முகாம், சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு சிற்றூர், அதையும் எழுதியிருக்கிறேன். எண் ஞாபகமில்லை.

ஒன்றை மறைத்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதங்கள் என்னுடையவை அல்ல. நகலும் அல்ல. அசல்.

2005 ஏப்ரலில் அல்டாகிராசியாவிடம் கடனாக வாங்கினேன். ‘ஒரு மாசத்துல கொண்டுவந்து தரேன்’ என்று ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் குழந்தைகள் பிறந்தார்கள், நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். மூன்று மாதத்துக்கென்று வந்தவள் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு கல்யாணம்.

கல்யாணமாகி வந்த ஊரில் இருந்து பாட்டர்சன் காரில் முக்கால் மணி நேரம். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. கடிதங்களைக் கொடுக்கப் போனால், ‘புத்தகம் வந்துடுச்சா?’ என்று அந்த அம்மா கேட்பார். படிப்பை விட்டுவிட்டேன், வீட்டிலிருந்து இன்சூரன்ஸ் கிளெய்ம் என்ட்ரி போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு குடும்பத்தின் சொத்தை உங்கள் கராஜில் போட்டுவைத்தேன்.

போன டிசம்பரில் அவருடைய பேத்தி யெசேனியாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் ஞாயிறுகளில் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பள்ளியின் இணையப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். அந்தத் துண்டுச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறார்களாம். பாட்டிக்கு எண்பத்துநான்கு ஆகிறது, ஒரு தடவை அப்பாவின் கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாள். கோபமாக ஒரு சொல் இல்லை. ‘விரைவில் அனுப்புகிறேன்’ என்று பதில் போட்டேன். நான்கு மாதமாகிறது.

அண்ணா, நேராகக் கேட்கிறேன். பெட்டி இருக்கிறதா, இல்லையா?

லக்ஷ்மி


பிளசன்டன்
1 ஜூன் 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

இல்லை.

இந்த ஒரு சொல்லை எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. உண்மையில் ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2016இல் கராஜைத் தடுத்தபோது வாசலில் ஒரு டம்ப்ஸ்டர், லாரி அளவு குப்பைத்தொட்டி, கொண்டுவந்து வைத்தோம். இரண்டு நாளில் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன். உன் பெட்டியைத் தூக்கியபோது பிரீத்தி கதவருகில் நின்றிருந்தாள். ‘அது லக்ஷ்மியோடதுங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டுடுங்க’ என்றாள்.

‘அவ இனிமே அதைத் தொடப் போறதில்ல’ என்றேன்.

அதைத்தான் ஜனவரியில் இருந்து எழுத முடியாமல் இருந்தேன். தொலைந்துபோய்விட்டது, கரையான் அரித்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது என்று நான்கு விதமாக எழுதிக் கிழித்தேன். அப்படி எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாய். ஆனால் நடந்தது இது. உன் படிப்பு முடிந்துபோன கதை என்று நான் முடிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. உன் படிப்பு நின்றதே என் வீட்டு வேலையால்தான் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. நீல டப்பாவைத் திறந்து பார்த்தேன். மெல்லிய தாள்கள், மடித்து மடித்து, ஊதாப் பென்சிலில் எழுத்து. பத்து விநாடி பார்த்திருப்பேன். புரியாத மொழி. தாள்களை டம்ப்ஸ்டரில் கொட்டிவிட்டு, டப்பா நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாக அதில் திருகாணி போட்டு வைத்திருக்கிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்று அதைக் காலி செய்து துடைத்தேன். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச்சில் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டேன். முகாம் கைதிகளின் கோப்புகள் அங்கே இருக்கின்றன என்று லைப்ரரியில் சொன்னார்கள். நீ அனுப்பிய விவரங்களையும் பிறகு சேர்த்து அனுப்பினேன். அதிலிருந்து ஏதாவது கிடைத்தால் அதோடு சேர்த்து உன்னிடம் சொல்லலாம், குற்றம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டேன். எதுவும் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஆஸ்டின், டெக்சாஸ்
13 ஜூலை 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருக்காது என்று தெரியும். நலமாக இருக்கிறாய் என்று பிரீத்தி மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொன்னாள்.

க்ரிஷ் இங்கே அபார்ட்மென்ட் மாறுகிறான், உதவிக்கு வந்தேன். நேற்று அவன் காரை எடுத்துக்கொண்டு அந்தச் சிற்றூருக்குப் போனேன். வெயில் நூற்றுநான்கு. முகாம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. புல், முள்வேலி, ஒரு நினைவுக்கல். கல்லில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது, யார் யார் என்று இல்லை. அரைமணி நேரம் நின்றேன். என்னத்துக்கு வந்தோம் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் க்ரிஷ், “Dad, where did you go?” என்றான். நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “So she quit because of us?” என்றான். உங்களால் இல்லை, என்னால் என்றேன். அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

நீ எப்போது எழுதினாலும் சரி.

திருமூர்த்தி


பிரிட்ஜ்வாட்டர்
17 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு,

டப்பா வந்தது. உள்ளே மூலையில் ஒரு திருகாணி ஒட்டிக்கொண்டிருந்தது.

யெசேனியாவுக்குப் போன் செய்து சொன்னேன். என் அண்ணன் தூக்கிப் போட்டான் என்று சொல்லவில்லை. நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை, போய்விட்டது என்றேன். “I don’t know how to tell her” என்றாள். வைத்துவிட்டாள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. டம்ப்ஸ்டரில் போட்டதுகூட இல்லை. ‘தொடப் போறதில்ல’ என்று நீங்கள் சொன்னீர்களே ஒரு வாக்கியம், அது சரியாக இருந்தது, அதுதான். ஒன்பது வருஷத்தில் நான் அதைத் தேடவில்லை. அண்ணி போன் செய்து கேட்டிருந்தாலும், ‘போட்டுடுங்க அண்ணி’ என்று அன்றைக்கு நானே சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

க்ரிஷ் எனக்குப் போன் செய்தான். “Athai, I’m sorry” என்றான். இருபது வயசுப் பையன் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அவனிடம் சொல்லுங்கள்: குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாலாவது அத்தியாயம் வராமல் திணறிக்கொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிட்டது எனக்குச் சாக்காகவும் இருந்தது.

லக்ஷ்மி


பிளசன்டன்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

சுகமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆவணக் காப்பகத்திலிருந்து உறை வந்தது. ஆறு பக்கம். முதல் ஐந்தும் படிவங்கள்: உயரம், எடை, பல், கைரேகை. ஆறாவது பக்கம் தணிக்கை அலுவலகத்துத் தாள். கைதி மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பகுதி வெட்டி நீக்கப்பட்டு மீதி அனுப்பப்பட்டது என்று மேலே தட்டச்சு செய்திருக்கிறது. கீழே, நீக்கிய பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பத்து வரி இருக்கும்.

படித்தேன். இது எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அசலை அப்படியே அனுப்புகிறேன். நகல் எடுத்துக்கொண்டேன், அது மட்டும் இப்போது கற்றுக்கொண்டது. இதை அவர்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு. கொடுத்தால், தூக்கிப் போட்டவன் யார் என்பதையும் சொல். நீ என்னை மறைக்க வேண்டாம்.

அண்ணன்
திருமூர்த்தி


பிரிட்ஜ்வாட்டர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வியாழக்கிழமை பாட்டர்சனுக்குப் போனேன். இரண்டாவது மாடி, அதே வீடு. யெசேனியா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. அல்டாகிராசியா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். டப்பாவை மடியில் வைத்தேன். திறந்து பார்த்தார், மூடினார். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல யெசேனியா ஸ்பானிஷில் சொன்னாள். எல்லாம் சொன்னேன், உங்களைப் பற்றியும். பிறகு அந்தத் தாளைப் படித்தோம்.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், தமிழில் ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது:

‘ரமோனிடம் கோபப்படாதே. போலீஸ் அவனை இரண்டு நாள் உட்காரவைத்து என் பெயரைச் சொல்ல வைத்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவன் பெயரைச் சொல்லியிருப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் உன் கூடப் பிறந்தவன்.’

ரமோன் அல்டாகிராசியாவின் தாய்மாமன். அக்காள் புருஷனைக் காட்டிக்கொடுத்தவர். அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தபோது நடுவில் ஒரு ஜன்னல் போல ஓட்டை வெட்டியிருந்ததாம். நானே அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன் அண்ணா.

“இன்னொரு தடவ படி” என்றார் அல்டாகிராசியா. யெசேனியா அழுதுகொண்டே படித்தாள்.

“அம்மா செத்துப்போற வரைக்கும் மாமாகூடப் பேசல. அதே தெருதான். அவர் வாராவாரம் வாசல்ல ஒரு பை மரவள்ளிக்கிழங்கு வச்சிட்டுப் போவார். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட அவரைக் கூப்பிடல.”

கொஞ்ச நேரம் கழித்து, “அப்பாவுக்கு என்ன, நாலு வரியில மன்னிச்சுட்டார். ரொட்டிக்கு வரிசையில நின்னது அம்மா” என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் தாளைக் கையிலிருந்து விடவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அம்மா ஞாயித்துக்கிழமையானா எல்லாத்தையும் சத்தமா படிப்பா. பதினொண்ணுல ஏழு எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்க. எனக்கு நாள் அதிகமில்ல. நீ வியாழக்கிழமை வியாழக்கிழமை வா.”

கிளம்பும்போது யெசேனியா வாசல்வரை வந்தாள். “Grandma wants the brother to come too. By himself” என்றாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் டிக்கெட் போடுங்கள். நம் வீட்டில் தங்கலாம்.

உங்கள்
லக்ஷ்மி


பிளசன்டன்
23 நவம்பர் 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிசாதத்தை ஏர்போர்ட்டிலேயே முடித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கும் அனன்யாவுக்கும் நன்றி சொல்.

பாட்டர்சனுக்குப் போன அன்று உன்னால் கேட்க முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. நீ காரில் உட்கார்ந்திருந்தாய், நான் மேலே போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தேன். மேலே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்க ஸ்பானிஷில் இரண்டு வாக்கியம் பிளேனில் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அல்டாகிராசியா நிறுத்திவிட்டார். ஏன் தூக்கிப் போட்டாய் என்று கேட்டார். ‘என் தங்கை இனிமேல் அதைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன்’ என்றேன். யெசேனியா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள், பிறகு சொன்னாள். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “டப்பாவைத் திறந்து பாத்தியா?”

பார்த்தேன் என்றேன்.

“எப்படி இருந்துச்சு?”

ஊதாப் பென்சில், மெல்லிய தாள் என்றேன். வேறு என்ன என்றார். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது லக்ஷ்மி. எழுத்து அழகாக இருந்தது, கீழே கையெழுத்துப் பெரிதாக இருந்தது என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். “பத்து செகண்ட்தான் பாத்தேன். வேற எதுவும் ஞாபகமில்ல” என்றேன். தலையை ஆட்டினார்.

பிறகு ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். ஆறாவது கடிதம். நீ போன வாரம் ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தாயாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யெசேனியா இங்கிலீஷில் சொல்ல நான் எழுதினேன். முகாமில் வெங்காயம் பயிரிட வைத்தது, ஒரு ஜெர்மானியர் செருப்புத் தைத்துக் கொடுத்தது, மகளுக்கு எத்தனை பல் முளைத்தது என்று கேட்டது. தன் அம்மா படித்த மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டு வந்தார். ‘நேற்று இரவு ஒரு கனவு வந்தது, அதில் நீ’ என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

காத்திருந்தோம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த வரியையே முதலில் இருந்து மூன்று தடவை தொடங்கினார், மூன்று தடவையும் அங்கேயே நின்றது.

“இதுக்கு மேல இருந்துச்சு. இன்னும் அரைப்பக்கம் இருந்துச்சு.”

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்ததில்லை. கடைசியில் அவர், ‘இடத்தை விட்டுட்டு அடுத்ததை எழுது’ என்றார். விட்டேன்.

அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ 2005இல் அந்தக் கடிதங்களை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவள். அவருக்கு அடுத்தபடி அதை அறிந்தவள் நீ ஒருத்திதான். அந்தக் கனவில் என்ன வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் பென்சிலில் எழுதி, வியாழக்கிழமை அவரிடம் படித்துக் காட்டு. அவசரப்படாதே, யோசித்துப் பார்.

உனக்கும் ஞாபகம் வரவில்லையென்றால் அதை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டுமாம். நாமாக ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணன்
திருமூர்த்தி